சேற்றினும் மூத்த ஈக்கள்

சிங்கப்பூரின் வரலாற்றை 1819இல் ராஃபிள்ஸ் கரையிறங்கியதிலிருந்து சொல்லத் தொடங்குவது பழைய வழக்கம். 14ஆம் நூற்றாண்டுத் தெமாசெக்கிலிருந்து தொடங்குவது இப்போதைய வழக்கம். இரண்டிலும் தீவைச் சுற்றிக் கிடந்த அலையாத்திக் காட்டுக்குக் கிடைப்பது ஒரே வரிதான்: இருந்தது, தூர்த்தார்கள். அந்த வரி பொய்யல்ல. ஆங்கிலேயர் வந்த காலத்தில் ஏறத்தாழ 75 சதுர கிலோமீட்டர், தீவின் பரப்பில் சுமார் 13 விழுக்காடு, ஓதம் ஏறி இறங்கும் சேற்றுக் காடாக இருந்தது. 1822இல் சிங்கப்பூர் ஆற்றின் தென்கரைச் சதுப்பை நிரப்புவதற்காக, இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்கும் இடத்தில் நின்ற குன்றை வெட்டி மண் எடுத்தார்கள். போட் கீ அப்படி உருவானது. பிறகு விறகுக்கும் கரிக்கும் கட்டட அடித்தளக் கழிக்கும் பாக்காவ் எனப்படும் கண்டல் மரங்கள் போயின, காட்டுக்குள் இறால் குட்டைகள் வந்தன. 1975இல் கிராஞ்சிக் கழிமுகம் நீர்த்தேக்கமானது. 1980களின் தொடக்கத்தில் மேற்குக் கரையின் முராய், போயான், சாரிம்புன், தெங்கே ஆறுகளின் வாய்களும் அடைபட்டன. இன்று எஞ்சியிருக்கும் காடு நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். இதெல்லாம் அந்தக் காட்டை மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதன் வரலாறு. அங்கே குடியிருந்தவை எங்கிருந்து வந்தன, எவ்வளவு காலமாக இருக்கின்றன என்பது வேறு வரலாறு. அதற்குக் காலனி அரசின் கோப்புகளில் ஒரு தாள்கூடக் கிடையாது. ஈக்களின் உடலில் இருக்கும் மரபணுவில் அது ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்தால், அலையாத்திக் காடு என்பது கடலோரத்தில் அண்மையில் முளைத்த எளிய காடு என்ற நெடுநாள் நம்பிக்கை நிற்காது.

அந்த நம்பிக்கைக்கு நியாயமான காரணங்கள் உண்டு. மழைக்காட்டில் மரவகைகள் ஆயிரக்கணக்கில். அலையாத்திக் காட்டில் சில பத்துதான். பூச்சிகளில் பெரும்பங்கு செடியைத் தின்று வாழ்பவை, ஒவ்வொன்றும் குறிப்பிட்ட செடியோடு கட்டுண்டவை. செடிவகை குறைந்தால் பூச்சிவகையும் குறையும் என்பது உயிரியலாளர்களின் பழைய கணக்கு. பூச்சி தேடி வந்தவர்களும் அதன்படியே நடந்துகொண்டார்கள். 1854இல் சிங்கப்பூர் வந்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் புக்கிட் தீமா குன்றைச் சுற்றிய காட்டில் இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவர் அனுப்பிய சிங்கப்பூர், மலாக்கா ஈக்களை லண்டனில் ஃபிரான்சிஸ் வாக்கர் வரிசைப்படுத்தி 1850களிலேயே பட்டியலாக வெளியிட்டார். சேகரிக்க வந்தவர்களின் கண் குன்றின் பக்கமே இருந்தது. சேற்றுக்குள் இறங்கி அரை விரல்கடை ஈக்களைப் பொறுக்க யாருக்கு மனம் வரும்? ஆக, அலையாத்திக் காட்டில் பூச்சி குறைவு என்ற முடிவு பெரும்பாலும் தேடிப் பார்த்துக் கிடைத்ததல்ல. தேடாமல் விட்டதால் நிலைத்தது.

தேடிப் பார்த்தபோது கணக்கு தலைகீழானது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் மையர் தலைமையிலான குழு, மலேஸ் பொறி எனப்படும் கூடாரம் போன்ற வலைகளைக் காடுகளில் நட்டுவைத்து, விழுந்த பூச்சிகளை எல்லாம் அள்ளியது. 1930களில் பர்மாவில் பயணம் செய்த ஸ்வீடன் நாட்டு ரெனே மலேஸ், தன் கூடாரத்துக்குள் நுழைந்த பூச்சிகள் மேலே ஏறி மூலையில் திரள்வதைக் கவனித்து உருவாக்கிய பொறி அது. பொறி பழையது, அதில் சேர்ந்ததைப் பிரிக்கும் வழிதான் புதியது. ஒவ்வொரு பூச்சியிலிருந்தும் மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுவில் 313 எழுத்து நீளமுள்ள துண்டைப் படித்து, ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்த்தார்கள். பூச்சியின் உடல் சிதையாது, செலவும் குறைவு. 2021இல் வெளியான முடிவு ஏறத்தாழ 1,40,000 பூச்சிகளையும் சுமார் 8,500 இனங்களையும் உள்ளடக்கியது. மழைக்காடு, நன்னீர்ச் சதுப்புக் காடு, நகர்ப்புறக் காடு என்று பல வகைக் காடுகளை ஒப்பிட்ட அந்த ஆய்வில், சிங்கப்பூர் அலையாத்திக் காட்டில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட பூச்சி இனங்கள் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் மற்ற காடுகளில் அகப்படவே இல்லை. நாலைந்து கிலோமீட்டரில் மழைக்காடு இருக்கும் ஒரு சின்னத் தீவில் இப்படி ஒரு தனி உலகம். செடியை நம்பிய கணக்கு எங்கே தவறியது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இங்கே தழை தின்னிகளும் காளான் தின்னிகளும் உண்மையிலேயே குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டி மிஞ்சியவை வேட்டையாடும் பூச்சிகள். அவற்றின் புழுக்கள் மரத்தை நம்பியிருக்கவில்லை, சேற்றை நம்பியிருக்கின்றன.

அந்த வேட்டைக்காரர்களில் முதன்மையான ஒரு கூட்டம் நீள்கால் ஈக்கள். உடல் பச்சை உலோகம்போல் மின்னும்; கால்கள் உடலுக்குப் பொருந்தாத நீளம். உலகில் 7,000க்கும் அதிகமான இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. ஆண் ஈக்கள் கால்களிலும் உணர்கொம்பிலும் கொடியும் குஞ்சமும் போன்ற அணிகளைச் சுமந்து பெண்முன் ஆடிக் காட்டும். இனத்துக்கு இனம் அணி வேறு. இதனால் ஒரு பெரிய வசதி: டிஎன்ஏ சொல்வதைக் கண்ணால் சரிபார்க்க முடிகிறது. பிரஸ்ஸல்ஸ் இயற்கை அறிவியல் நிறுவனத்தின் பாட்ரிக் குரூட்டார்ட் இந்த ஈக்களுக்காகத் தென்கிழக்காசியக் கரைகளில் நெடுங்காலம் உழைத்தவர். அவரும் நீல் ஈவன்ஹூயிஸும் 2002இல் சிங்கப்பூர் நீள்கால் ஈக்களின் பட்டியலை வெளியிட்டபோது ஙிராஃபியம் என்ற புதிய பேரினத்தை விவரித்தார்கள். இந்தத் தீவின் அலையாத்திக் காட்டுப் பூச்சிகளை முன்னோடியாக ஆராய்ந்த டி. எச். மர்ஃபியின் பெயரை அதன் ஓர் இனம் தாங்கியது. 2014இல் குரூட்டார்டும் நளினி புனியமூர்த்தியும் அந்தப் பேரினத்தைத் திருத்தி எழுதி, சிங்கப்பூரிலிருந்து மேலும் இரண்டு இனங்களைச் சேர்த்தார்கள். ஒன்றுக்கு மையரின் பெயர், மற்றொன்றுக்குக் கடலோரப் பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற பல்கலைக்கழக ஆசிரியர் சிவசோதியின் பெயர். தீபகற்பத் தாய்லாந்தின் கடலோரத்திலிருந்து, தினோஃபிலஸ் என்ற மற்றொரு நீள்கால் ஈப் பேரினத்தில் மட்டும் எட்டுப் புதிய இனங்கள் 2017இல் ஒரே கட்டுரையில் விவரிக்கப்பட்டன. இவையெல்லாம் எட்டாத மலையுச்சியில் ஒளிந்திருந்தவை அல்ல. துறைமுகங்களுக்கும் மீனவக் குடியிருப்புகளுக்கும் பக்கத்தில், எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தவை.

இனி வரலாற்றுக் கேள்வி. இந்த ஈக்கள் எவ்வளவு பழையவை? இதில் ஒரு முரண் உடனே எழுகிறது. அவை வாழும் நிலம் மிக இளையது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைய மட்டத்திலிருந்து ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. மலாயா, சுமாத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். மலாக்கா நீரிணை இல்லை. சிங்கப்பூர் ஒரு தீவல்ல, உள்நாட்டுக் குன்று. கடற்கரையே இல்லாத இடத்தில் கடற்கரைக் காடு ஏது? பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. அப்படி மூழ்கிய நிலமான சுண்டா மேடையின் கடலடியில் ஹானெபூத் என்ற ஆய்வாளரின் குழு எடுத்த மண்தூண்களில் புதைந்திருந்த அலையாத்தி மரத்துண்டுகளின் வயதைக் கணித்தபோது, 14,600 முதல் 14,300 ஆண்டுகளுக்கு முன்வரையிலான 300 ஆண்டுகளில் மட்டும் கடல் 16 மீட்டர் ஏறியது தெரிந்தது. சிங்கப்பூரின் கேலாங் பகுதியில் எடுத்த மண்தூணிலும் கடலேற்றத்தின் பிற்பகுதி பதிவாகியிருக்கிறது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பும் கடல் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. பின்னர் இன்றைய மட்டத்தைத் தாண்டிச் சில மீட்டர் மேலே போய் மெல்லத் தாழ்ந்தது. ஆகவே சுங்கை பூலோவிலோ மண்டாயிலோ இன்று நிற்கும் காட்டின் சேறு சில ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதே இடத்தில் அதே சேறாக இருந்திருக்க முடியாது. இதைப் பார்த்துத்தான் பலர், காடு இளையது, அதன் உயிர்களும் பக்கத்து உள்நாட்டுக் காடுகளிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவையாகவே இருக்கும் என்று முடிவு கட்டினார்கள்.

ஆனால் எண்கள் வேறு சொல்கின்றன. பூச்சிகளின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, பிரிந்த இரு கிளைகளுக்கிடையே பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் 2.3 விழுக்காடு விலகும் என்பது 1994இல் ஆண்ட்ரூ பிரவர் தந்த கணிப்பு. இன்றும் பரவலாகக் கையாளப்படுவது. முன்சொன்னது போன்ற மரபணுத் துண்டை, அதாவது பட்டைக்குறியை, வைத்து இனங்களைப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் 3 விழுக்காட்டை ஒட்டிய எல்லையைப் பயன்படுத்துகிறார்கள். அந்த எல்லையில் நிற்கும் இரண்டு இனங்கள் பிரிந்து ஏறத்தாழ 13 லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இந்தக் கடிகாரம் எல்லாப் பூச்சிக்கும் ஒரே வேகத்தில் ஓடாது என்ற மறுப்பு சரியானது. பத்து மடங்கு பிழை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 1,30,000 ஆண்டு. சேற்றின் வயது அதற்குப் பக்கத்தில்கூட வராது. 3,000 இனங்களில் பாதி அலையாத்திக் காட்டில் மட்டும் அகப்படுபவை என்றால், அவை இந்தச் சேற்றில் உருவாகி இருக்க இயலாது. வேறெங்கோ இருந்த அலையாத்திச் சேற்றிலிருந்து, கரை நகர நகர, உடன் நகர்ந்து வந்திருக்க வேண்டும். காட்டின் தொன்மையும் இதற்கு ஒத்துப்போகிறது. அலையாத்திக் காட்டில் வளரும் நிப்பா பனையின் மகரந்தம் டைனோசர் காலத்தின் இறுதிப் படிவுகளிலேயே கிடைக்கிறது. நீள்கால் ஈக்கள், நாலு கோடி ஆண்டைத் தொடும் பால்டிக் அம்பரில் அடைபட்டுக் கிடக்கும் ஈக்களில் மிக அதிகமாகக் காணப்படுபவற்றுள் சேரும். காடு இடம் மாறும் குடி. இடத்தின் வயதை வைத்துக் குடியின் வயதைச் சொல்வது, புதுவீட்டுக்கு வந்த கிழவரைக் கைக்குழந்தை என்பதைப்போல.

நகர்ந்து வந்தவை எல்லாம் ஒரே வழியில் வரவில்லை என்பதுதான் அடுத்த சங்கதி. தென்கிழக்காசியாவிலும் கிழக்காசியாவிலும் அலையாத்திக் காட்டுக்குக் காடு பூச்சிகள் பெரிதும் மாறுகின்றன என்பது 2021 ஆய்வின் மற்றொரு முடிவு. சிங்கப்பூரின் பட்டியலை வைத்து புருணையின் பட்டியலையோ ஹாங்காங்கின் பட்டியலையோ ஊகிக்க முடியாது. இதற்குக் காரணம் தேடினால் சுண்டா நிலம் மறுபடி வருகிறது. பனியுகங்கள் ஒன்றல்ல, பல. கடந்த இரண்டரை லட்சம் ஆண்டுகளின் பெரும்பகுதியில் கடல் இன்றைய மட்டத்திலிருந்து பல பத்து மீட்டர் கீழேதான் இருந்தது. அப்போதெல்லாம் அந்தமான் பக்கக் கரைக்கும் தென்சீனக் கடல் பக்கக் கரைக்கும் நடுவே ஒரு துணைக்கண்டமே கிடந்தது. மரங்களில் இதன் தடம் தெளிவு. மலாய்த் தீபகற்பத்தின் கிழக்கு, மேற்குக் கரைகளில் வளரும் செரியாப்ஸ், புருகியேரா மரங்களும், பிச்சாவரத்துத் தமிழர் தில்லை என்று அறிந்த மரமும் மரபணுவில் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. ஈக்களின் பெருங்குழுவைச் சேர்ந்த கொசுவிலும் அதே கதை. உப்புக் கலந்த கழிநீரில் முட்டையிடும் அனாஃபெலிஸ் சுண்டைக்கஸ் ஒரே கொசு என்றுதான் பல காலம் எண்ணினார்கள். மரபணுவைப் பார்த்தபோது போர்னியோவில் ஒன்று, வியட்நாமிலிருந்து மலாய்த் தீபகற்பம்வரை எபிரோட்டிக்கஸ் என்று பெயரிடப்பட்ட மற்றொன்று, சுமாத்ரா-ஜாவாவில் மூன்றாவது, அந்தமான்-நிக்கோபாரில் நான்காவது என்று பிரிந்தன. கடல் ஏறியிறங்கியதோடு அந்தப் பிரிவைப் பொருத்திக் காட்டினார்கள். கரையோர ஈக்களில் இந்த ஒரு கூட்டத்தை மட்டும் இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்ததற்கு அறிவார்வம் மட்டும் காரணமல்ல. அது மலேரியா பரப்பும் கொசு. மலாயாவின் கரையோரத் தோட்டங்களில் மலேரியாவால் மாண்டவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் மிகப் பலர். நோய் பரப்பும் ஈக்குப் பணம் வரும். சேற்றில் வேட்டையாடும் ஈக்கு வராது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஈக்கு இறக்கை இருக்கிறது; காற்று அடித்தால் நீரிணையைத் தாண்டும். அப்படியிருக்க, நிலமும் கடலும் அதை எப்படிப் பிரித்து வைக்கும்? மரத்திலேயேகூட நிலத் தடை எல்லாவற்றையும் விளக்கவில்லை. ரைசோஃபோரா முக்ரோனாட்டா என்ற கண்டல் மரத்தின் மரபணுவை ஆராய்ந்த ஒரு குழு, அதன் பிரிவினையை இன்று நிலைநிறுத்துவது நிலப்பரப்பு அல்ல, கடல் நீரோட்டம் என்று 2014இல் வாதிட்டது. நீரில் மிதக்கும் நாற்றுக்கு நீரோட்டமே தடையாகும் என்றால் நீரில் மிதக்காத ஈக்கு அது பொருந்துமா? நேரடியாகப் பொருந்தாது. ஆனால் பறக்க முடிவது வேறு, குடியேற முடிவது வேறு. நீள்கால் ஈ போன்றவற்றில் முதிர்ந்த ஈயின் வாழ்நாள் சிறிது. பெரும்பகுதி வாழ்க்கை புழுவாகச் சேற்றுக்குள். காற்றில் அடித்துவரப்பட்ட பெண் ஈ முட்டையிட வேண்டிய சேற்றில் உப்பும் ஈரமும் இரையும் ஒத்துவர வேண்டும்; ஆணின் கால் அணி அவளுக்கு அடையாளம் தெரிய வேண்டும். அதோடு, இந்தக் காடு அகலமான பரப்பு அல்ல, கரையோரம் ஓடும் மெல்லிய நாடா. நாடாவைத் தவறவிட்ட ஈ கடலில் விழும், அல்லது அதற்கு உதவாத உள்நாட்டுக் காட்டில் விழும். உள்நாட்டுக் காடு பக்கத்திலேயே இருந்தும் பாதி இனங்கள் அங்கே தென்படாததை வேறெப்படி விளக்குவது?

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது, அதை முழுதாகத் தள்ளிவிடவும் கூடாது. 313 எழுத்துத் துண்டு ஒன்றை வைத்து இவ்வளவு வரலாறு சொல்லலாமா? தாய்வழி மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா, ஒல்பாக்கியா போன்ற நுண்ணுயிரிகளின் தயவில் இனம் விட்டு இனம் தாவக்கூடும். இனங்களைப் பிரிப்பதில் இந்த ஆபத்தை ஆணின் அணியும் பிறப்புறுப்பும் பெரிதும் குறைக்கின்றன. ஙிராஃபியம் ஆய்வுகளில் உருவமும் பட்டைக்குறியும் சேர்த்தே பார்க்கப்பட்டன. கால அளவில்தான் உண்மையான குறை. முன்சொன்ன வேகத்தில் 20,000 ஆண்டுகளில் 313 எழுத்தில் எத்தனை மாறும்? 0.14 எழுத்து. அதாவது கடைசிப் பனியுகத்தில் பிரிந்த இரண்டு கூட்டங்களிடையே இந்தத் துண்டு பெரும்பாலும் ஒரு வேறுபாட்டையும் காட்டாது. காட்டினாலும் அது பிரிவுக்கு முன்பே கூட்டத்துக்குள் இருந்த பழைய வேறுபாடாக இருக்கலாம். ஆகவே பட்டைக்குறி ஈயின் தொன்மைக்குச் சாட்சி, அண்மை வரலாற்றுக்கு அல்ல. நீரிணை உருவான பிறகு என்ன நடந்தது, 1822க்குப் பிறகு என்ன நடந்தது என்ற கேள்விகளுக்கு மரபணுத்தொகை முழுவதிலும் ஆயிரக்கணக்கான இடங்களைப் படித்தாக வேண்டும். ஒரு துண்டில் ஒற்றுமை கண்டு, கூட்டங்கள் கலந்தே இருக்கின்றன என்று அறிவிப்பதும், அதே துண்டில் ஒரு எழுத்து மாறியதைக் கண்டு பனியுகத்தின் கைவேலை என்பதும் ஒரே வகைப் பிழை.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. 120 மீட்டர் கடலேற்றத்தைத் தாங்கி, முந்நூறு ஆண்டில் 16 மீட்டர் ஏறிய காலத்தையும் கடந்து வந்த குடிக்கு, இன்றைய மாற்றங்கள் என்ன செய்துவிடும்? அன்றைய வேகம் சராசரியாக ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல். இன்றைய கடலேற்றம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். ஒப்பீடு சரி, முடிவு சரியல்ல. அன்று கடல் ஏறியபோது கரைக்குப் பின்னால் தாழ்ந்த நிலம் விரிந்து கிடந்தது. காடு பின்வாங்க இடம் இருந்தது. இன்று பின்னால் இருப்பது அணைச்சுவரும் சாலையும். இன்னொன்று, தப்பியவற்றின் வழித்தோன்றல்களைத்தான் இன்று எண்ணுகிறோம். தப்பாதவை எந்தப் பொறியிலும் விழாது. அதே சமயம் நம்பிக்கையை முற்றிலும் கைவிடவும் ஆதாரம் இல்லை. 1999இல் செயல்படத் தொடங்கிய புலாவ் செமாக்காவ் குப்பை நிரப்புத் தீவில், கட்டுமானத்தில் அழிந்த காட்டுக்கு ஈடாக 13.6 ஹெக்டேரில் அலையாத்தி நட்டார்கள். பூச்சி ஆய்வாளர்கள் அங்கே பழைய காட்டிலும் நட்ட காட்டிலும் பொறி வைத்தார்கள். நட்ட காட்டுக்கும் பூச்சி வருகிறது. ஆனால் பக்கத்திலேயே பழைய காட்டின் துண்டு இருந்ததை மறக்கக் கூடாது. மரக்கன்றை நாற்றங்காலிலிருந்து கொண்டு வரலாம். சேற்றுப் புழுவுக்கு நாற்றங்கால் கிடையாது.

மரத்துக்கும் ஈக்கும் உள்ள இந்த வேறுபாடு ஜோகூர் நீரிணையில் நன்றாகச் சோதிக்கத்தக்கது. சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைத்து 1924இல் திறக்கப்பட்ட பாலம் உண்மையில் நீரிணையை இரண்டாக அடைத்த கற்கரை; மேற்கே சுங்கை பூலோ, கிராஞ்சி, மண்டாய்க் காடுகள், கிழக்கே உபின், தெக்கோங் தீவுகளின் காடுகள். மிதக்கும் நாற்றுக்கு அது நூறாண்டுத் தடை, பறக்கும் ஈக்குத் தடையே அல்ல. கண்டல் மரத்தின் நூறாண்டு பெரும்பாலும் சில தலைமுறை. ஈயின் நூறாண்டு நூற்றுக்கணக்கான தலைமுறை. ஒரே கரையில் மரமும் ஈயும் இரு வேறு மரபணு வரைபடங்களை வைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. இருந்தும் பாதுகாப்புத் திட்டங்களில் இணைப்பு என்று பேசப்படுவது பெரும்பாலும் மரத்தின் வரைபடத்தை வைத்துத்தான். 2018இல் மண்டாயில் அறிவிக்கப்பட்ட, 73 ஹெக்டேரை நெருங்கும் இயற்கைப் பூங்காவின் பெயரில் அலையாத்திக் காட்டோடு சேற்றுவெளியும் சேர்ந்திருக்கிறது. ஒரு மரம்கூட இல்லாத அந்தச் சேற்றுவெளியைச் சேர்த்ததற்கு முதன்மையாகச் சொல்லப்பட்ட காரணம் வலசை வரும் கரைப்பறவைகள். நீள்கால் ஈக்களை முன்வைத்தாலும் அதே எல்லைக்கோட்டைத்தான் வரைய வேண்டியிருக்கும். அவற்றின் புழுக்கள் இரை தேடுவது அங்கேதான்.